சோப்பு அழுக்கைக் கரைக்கிறதா? குலுக்கிப் பார்த்த பாட்டில்கள்

சோப்பு அழுக்கைக் கரைக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு வாரமாகப் பாட்டில்களைக் குலுக்கிப் பார்த்ததில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

இரண்டு பாட்டில் எடுத்து, ஒவ்வொன்றிலும் 200 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் சோப்புச் சீவல் கரைத்த தண்ணீர். குலுக்கியதும் இரண்டுமே வெளுத்தன. சோப்பு இல்லாததில் சில நிமிடங்களிலேயே எண்ணெய் மேலே வந்து கூடிவிட்டது. மற்றதில் மறுநாள் காலை ஆடை மாதிரி கொஞ்சம் மேலே ஒதுங்கியிருந்தது. அடியில் இன்னும் பால் நிறம்தான்.

ஆக, எண்ணெய் கரையவில்லை. பொடித் துளிகளாகச் சிதறி நிற்கிறது. சோப்பு மூலக்கூறின் வால் ஏறக்குறைய 12 முதல் 18 கார்பன் கொண்ட சங்கிலி. தண்ணீர் அதற்கு ஆகாது, எண்ணெய்க்குள் புகுந்துகொள்ளும். தலை எதிர்மின்சுமை உள்ளது. தண்ணீர்ப் பக்கம் நிற்கும். துளியைச் சுற்றிலும் ஒரே மின்சுமை என்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பிரிந்த அழுக்கு திரும்பவும் துணியில் ஒட்டாமல் தடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அழுக்கைக் கிளப்புவதைவிட இந்தக் காவல் வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மிளகுத்தூள் சோதனை முதலில் சொதப்பியது. தண்ணீரில் தூவி, சோப்பு விரலால் தொட்டால் தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. தட்டைச் சரியாக அலசாததால் ஒட்டியிருந்த சோப்பு, பரப்பு இழுவிசையை (தண்ணீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் விசை) முன்பே குறைத்திருக்கிறது! நன்றாக அலசிய பிறகு ஓடியது.

அப்புறம் கடின நீர், அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நிறைந்த தண்ணீர். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கலந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை, வெள்ளையாகத் திரிந்தது. மெக்னீசியம் சோப்பைப் பிடித்துக் கரையாத படிவாக்கிவிடுகிறது. அதே தண்ணீரில் டிடர்ஜென்ட் திரவம் நுரைத்தது. அதன் தலை சல்பேட் அல்லது சல்போனேட். அவ்வளவு எளிதில் படியாது.

கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் வினிகர். அமிலம் பட்டதும் தலை மின்சுமையை இழந்து, சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகி மேலே மிதக்கிறது. எண்ணெய் விட்டுக் குலுக்கினால் உடனே பிரிகிறது. டிடர்ஜென்ட் தண்ணீரில் வினிகர் விட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

நாளை அந்த மிதப்பை வெந்நீரில் போட்டுச் சலவைச் சோடா சேர்க்கப் போகிறேன். மறுபடி சோப்பாகி நுரைக்க வேண்டும்.