சித்திர அறையில் ஒரு கைப்பிரஸ்

பழைய மாணவர் மலருக்கு எழுதக் கேட்டால் நம்மவர்கள் கிரிக்கெட் மாட்ச்சைப் பற்றியோ வாங்கிய அடிகளைப் பற்றியோ எழுதுவார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது பள்ளிச் சித்திர அறையில் படங்களை அச்செடுக்க இருந்த கைப்பிரஸ்தான்.

எட்சிங் செய்ய, அதாவது தகட்டை அரித்துக் கோடு உண்டாக்கி அச்செடுக்க, செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறுவோம். கீறிய இடத்தில் செம்பு பளிச்சிடும். பிறகு தகட்டை, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அரிப்பில் வரும் வண்டல் கோட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு, ஊற விட்டால் ஆழமான கோடு.

மை பூசுவது சுலபம், துடைப்பதில்தான் வித்தை. கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையில் சுண்ணத்தூள் தடவி லேசாக ஓர் இழுப்பு. கோட்டுக்குள் மை நிற்க வேண்டும்; தாளை வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தும்போது அதுதான் படமாகப் பதியும். தகட்டின் மேலே மெல்லிய மைப்படலம் கிடந்தால் பாதகமில்லை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் அதை வேண்டுமென்றே விட்டு, ஒரே தகட்டில் வெளிச்சமான படமும் இருண்ட படமும் எடுத்திருக்கிறார் என்று சித்திர மாஸ்டர் சொன்ன நாளிலிருந்து, சரியாகத் துடைக்காத எல்லோரும் ரெம்ப்ராண்ட் ஆகிவிட்டோம்!

பொறுமையில்லாதவர்களுக்கு மோனோபிரிண்ட். வழவழப்பான தகட்டில் ரோலரால் மையை உருட்டி, துணியாலும் குச்சியாலும் வழித்துப் படம் வரைந்து, காய்வதற்குள் தாளை வைத்து அழுத்த வேண்டும். நல்ல பதிவு ஒன்றுதான் வரும். உடனே இன்னொரு தாளை வைத்தால் மங்கலாக மற்றொன்று கிடைக்கும். பிரெஞ்சு ஓவியர் டெகா 1870களில் அப்படிப்பட்ட மங்கல் பதிவுகளின் மேல் பேஸ்டல் வண்ணக்கட்டியால் தீட்டினார். எனக்கும் முதல் பதிவைவிட அந்த மங்கல்தான் பிடிக்கும்.

கழித்த தாள்களை மாஸ்டர் எறிய விடமாட்டார். அவற்றை மடித்துப் புத்தகமாகத் தைக்க வேண்டும். மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் தொடங்கி, மேலும் கீழும் போய், திரும்ப நடுவில் முடிச்சு. தாளின் இழை முதுகுப் பக்கத்துக்கு இணையாக ஓடாவிட்டால் மடிப்பு வெடித்துவிடும். மடிக்கும்போது ஒருவனுடைய மரத்தின் பாதியும் இன்னொருவனுடைய முகத்தின் பாதியும் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்து விழும். சட்டம் போட்டு மாட்டிய படங்களைவிட அந்தப் புத்தகங்கள்தான் வகுப்பில் கைமாறிக்கொண்டே இருந்தன.

மலர்க் குழுவுக்கு ஒரு யோசனை. அடுத்த மலரின் அட்டையை நாமே மோனோபிரிண்டாகப் போட்டால் என்ன? ஒவ்வொரு பிரதியும் வேறு வேறாக இருக்கும். பொருளாளர் என்ன சொல்வாரோ!