வீட்டுக்கு ஒரு தாள் போதாது: தார் எஸ் சலாமில் தேவைக் கணக்கெடுப்பு நடத்திய அனுபவம்

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில், ம்சிம்பாசி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் நடத்திய தேவைக் கணக்கெடுப்பு சென்ற வாரம்தான் முடிந்தது. ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை பதினொரு வாரம் இழுத்துவிட்டது. அதில் மூன்று வாரத்தை ஒரு கடிதமும், இரண்டு வாரத்தை வினாத்தாளை நாங்கள் பயன்படுத்திய விதத்தில் இருந்த பிழையும் தின்றுவிட்டன. அடுத்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு அந்த ஐந்து வாரமாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆய்வு அனுமதி சிக்கலின்றிக் கிடைத்தது. அதன் பிறகு மண்டலம், மாவட்டம், 'கட்டா' எனப்படும் வார்டு, 'ம்டா' எனப்படும் தெரு நிர்வாகம் என ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கடிதம் தர வேண்டும். ஒரு படியைக்கூடத் தாண்டிச் செல்ல முடியாது. இடையில் ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்தில் பக்கத்து வார்டின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். முத்திரையைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் அதைப் படிக்காமல் வாங்கி வந்துவிட்டேன். பன்னிரண்டு கணக்கெடுப்பாளர்களுடன் வார்டு அலுவலகத்தில் போய் நின்றபோதுதான் பிழை தெரிந்தது. அன்றைய கூலியும் போக்குவரத்துச் செலவும் வீண். திருத்தித் தரக் கேட்டால், கையெழுத்திட்ட அதிகாரி கூட்டத்துக்காகத் தலைநகர் டோடோமா போயிருக்கிறார், அவர் வராமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார் எழுத்தர். அதிகாரி திரும்பி வந்தபோது எங்கள் கோப்பைக் காணவில்லை. முதலிலிருந்து விண்ணப்பித்தோம். கடிதத்தை அங்கேயே நின்று வரி வரியாகப் படியுங்கள். வார்டின் பெயர், ம்டாவின் பெயர், தேதி, கணக்கெடுப்பாளர்களின் பெயர்ப்பட்டியல் நான்கும் சரியாக இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் 'பெறப்பட்டது' என்ற முத்திரையிட்ட நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

பத்து வீடுகளுக்கு ஒரு பிரதிநிதி என்ற பழைய நிர்வாக முறைப்படி இருக்கும் 'ம்ஜும்பே'க்கள் எங்களுடன் நடந்து வந்தார்கள். அவர்கள் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்த இடமெல்லாம் கதவு திறந்தது. ஆனால் அவர்கள் எங்களை அழைத்துச் சென்றது வீட்டு உரிமையாளர்களிடம் மட்டுமே. இது எங்களுக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அங்குள்ள வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் இது புரியும். நடுவில் ஒரு நடை, அதன் இருபுறமும் மும்மூன்று அறைகள், பின்னால் முற்றம், அதில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கழிவறை. உரிமையாளர் ஓரிரு அறைகளில் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடுவார். நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் போலத்தான். 2012-இல் ஏறத்தாழ 43.6 லட்சமாக இருந்து 2022-இல் 53.8 லட்சமான நகரம் இது. புதிதாக வந்து சேர்பவர் முதலில் பிடிப்பது இப்படியொரு அறையைத்தான். நாங்களோ வீட்டுக்கு ஒரு தாள் என்று வைத்திருந்தோம், அதுவும் பகல் நேரத்தில். நானூறு தாள்கள் நிரம்பின. சாலை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், குடியிருப்பு உரிமச் சீட்டு வேண்டும் என்றே பெரும்பாலான தாள்கள் சொன்னதால், அதுதான் அந்த இடத்தின் தேவை என்று நான் நம்பியும்விட்டேன்.

ஒரு மாலை, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பிப் போனபோது, பகலில் பூட்டிக் கிடந்த அறைகள் எல்லாம் திறந்திருந்தன. தெருவோரம் சோறு விற்கும் ஒரு பெண் தன் அறையின் கதவு நிலையைக் காட்டினார். கடனுக்கு வாங்கும் ஒவ்வொரு இருபது லிட்டர் குடத்துக்கும் ஒரு கரிக்கோடு இழுத்திருந்தார். அந்த மாதத்துக்கு நாற்பத்தொன்று. கட்டிய கடனுக்குரிய கோடுகளை ஈரத்துணியால் துடைத்த இடம் மங்கலாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்கான எங்கள் தாளில் 'தண்ணீர்: பிரச்சினை இல்லை' என்றுதான் பதிவாகியிருந்தது. உண்மைதான், உரிமையாளருக்குப் பிரச்சினை இல்லை.

அன்றிரவே முடிவெடுத்து, குடித்தனத்துக்கு ஒரு தாள் என்று மாற்றி, மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனோம். கழிவறையைப் பற்றிக் கேட்கப் பெண்களையே அனுப்பினோம். தண்ணீரும் கழிவறையும் பட்டியலின் உச்சிக்கு வந்தன. கழிவறைக் குழி நிரம்பினால், கழிவை அள்ளும் லாரி நுழையச் சந்தில் இடமில்லை. ஆகவே பெருமழை வரும்போது குழியைத் திறந்து வெள்ளத்தோடு விட்டுவிடுகிறார்கள். 'குடாபிஷா', அதாவது வாந்தியெடுக்க வைப்பது, என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது.

வெள்ளத்தைப் பற்றி நேரடியாகக் கேட்காதீர்கள். 2011 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் பலவற்றை நகருக்கு வெளியே மப்வேபாண்டேயில் குடியேற்றினார்கள். பிழைப்பு இங்கே இருந்ததால் பலர் திரும்பி வந்தார்கள். வெள்ளம் வருகிறது என்று ஒப்புக்கொண்டால் மறுபடியும் அப்புறப்படுத்துவார்கள் என்ற அச்சத்தில் எல்லோரும் மறுத்தார்கள். அவர்களை வற்புறுத்துவது நியாயமில்லை என்று அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, சுவர்களில் இருந்த நீர்க்கறையின் உயரத்தை நாடாவால் அளந்தோம். 2015-இல் தொடங்கிய 'ராமானி ஹுரியா' திட்டத்தில் மாணவர்களும் பகுதிவாசிகளும் சேர்ந்து வரைந்த, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வரைபடம் இல்லாவிட்டால், அந்த அளவுகளைக் குறிக்க எங்களிடம் தாளே இருந்திருக்காது.

முடிவுகளை வாசிக்கும் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தோம்: காலையில் உரிமையாளர்கள், இரவு வாடகைக்காரர்கள். ஒரே கூட்டமாக வைத்திருந்தால் வீட்டுக்காரர் முன்னால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இரண்டு பட்டியல்களையும் ஒன்றாகக் கலக்காமல் அருகருகே எழுதி, ம்டா அலுவலகச் சுவரில் முத்திரையுடன் ஒட்டச் செய்தது, இத்தனை அலைச்சலுக்குப் பின் எனக்குக் கிடைத்த நிறைவு.

'மாசிகா' எனப்படும் நீண்ட மழைக்காலம் மார்ச்சில் தொடங்கிவிடும். அதற்குள் சந்துகளின் அகலத்தையும் குழிகளின் ஆழத்தையும் அளக்கப் பொறியாளர்கள் வர வேண்டும். அவர்களுக்கான கடிதத்துக்கு நேற்று விண்ணப்பித்தேன். வார்டின் பெயரைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன்.