பன்றிகள் பாய்ந்த மேடு எங்கே?

ஜோர்டானில் உள்ள ஜெராஷ் நகரத்தின் நீள்வட்ட முற்றத்தில், ரோமானியத் தூண்களுக்கு நடுவே நின்றுகொண்டு நான் ஏரியைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தேதான் போயிருந்தேன். ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நாலாபக்கமும் குன்றுகளும் புதிய ஊரின் வீடுகளும்தான். கலிலேயாக் கடல் என்று பைபிள் சொல்லும் அந்த ஏரி அங்கிருந்து நேர்கோட்டிலேயே 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இந்த ஜெராஷ்தான் பழைய கெரசா. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள், இயேசு படகிலிருந்து இறங்கிய இடம் கெரசேனர் நாடு என்கின்றன. கல்லறைகளில் குடியிருந்த ஒருவன் ஓடிவருகிறான். அவனைப் பிடித்த அசுத்த ஆவி தன் பெயர் லேகியோன் என்கிறது. ஆவிகள் பன்றிகளுக்குள் புக, ஏறக்குறைய 2,000 பன்றிகள் மேட்டிலிருந்து பாய்ந்து கடலில் மூழ்குகின்றன. ஓய்வுநாள் பள்ளியில் இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் பெரியம்மா. அந்தப் பன்றிகளை மேய்த்தவர்களுக்குப் பிறகு யார் சோறு போட்டார்கள் என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே ஊரின் பெயர் என்னை உறுத்தத் தொடங்கியது.

மறுநாள் உம் கைஸ் போனோம். மத்தேயு நற்செய்தியின் பழைய படிகள் பல குறிப்பிடும் கதரா இதுதான். மத்தேயுவில் பேய் பிடித்தவர்கள் இரண்டு பேர்; லேகியோன் என்ற பெயரும் இல்லை, 2,000 என்ற எண்ணும் இல்லை. எரிமலைக் கருங்கல்லால் கட்டிய அரங்கைத் தாண்டி விளிம்புக்குப் போனால், கீழே யார்முக் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு, எதிரே கோலான் மேடு, இடப்புறம் தூரத்தில் நீலத் தகடாக ஏரி. பார்த்ததும் மனம் துள்ளியது. இங்கிருந்து ஏரி 10 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவில் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்த எவருக்கும், இங்கே புறப்பட்ட மந்தை நேராகத் தண்ணீரில் போய் விழும் என்று சொல்ல வாய் வராது.

கதரா அச்சிட்ட நாணயங்களில் கப்பல் உருவம் உண்டு. ஆகவே அந்நகரத்தின் எல்லை ஏரிக்கரைவரை நீண்டிருந்தது என்று வாதிடுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அது காப்பாற்றுவது மத்தேயுவை; மாற்குவை அல்ல. மாற்கு எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டே மத்தேயு எழுதினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால் ஊர்ப் பெயரை அவர் தெரிந்தேதான் திருத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதை வெளிப்படையாகவே எழுதினார். கெரசாவுக்கு அருகே கடலும் இல்லை, ஏரியும் இல்லை. கதராவில் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுகள் உண்டே தவிர செங்குத்தான கரையுள்ள ஏரி இல்லை. ஆகவே ஏரிக்கரையில் உள்ள கெர்கெசாதான் சரி என்றார். பின்னால் அந்தப் பெயரும் பல படிகளில் ஏறியது. எங்கள் வீட்டுப் பழைய தமிழ் பைபிளில் மத்தேயுவில் கெர்கெசேனர் நாடு, மாற்குவில் கதரேனருடைய நாடு. நடந்ததை நடந்தபடி எழுதிவைத்த பதிவு இப்படி ஊர் ஊராக அலையாது.

எல்லை தாண்டி, ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள குர்சிக்குப் போனோம். 1970இல் சாலை போடும்போது வெளிப்பட்ட பைசாந்தியத் துறவிமடம் அது. மலைச்சரிவில் ஒரு பெரும்பாறை, அதையொட்டிச் சிற்றாலயம். சற்றுத் தெற்கே மலை உண்மையாகவே தண்ணீரை நெருங்கி இறங்குகிறது. கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை. ஆனால் பொருத்தம் சாட்சியாகாது. கதையில் மேடு இருந்ததால் மேட்டைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்; பிறகு அங்கே கோயில் கட்டினார்கள்.

அப்படியானால் மாற்கு ஏன் கெரசா என்றார்? அந்த நிலப்பரப்பு அவருக்குப் பழக்கமில்லை என்பதே எனக்கு எளிய விடையாகத் தெரிகிறது. லேகியோன் என்பது ரோமானியப் படைப்பிரிவின் பெயர். கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்ட படைகளில் ஒன்றான பத்தாம் லேகியோனின் சின்னங்களில் காட்டுப்பன்றியும் ஒன்று. மாற்கு எழுதப்பட்டதும் ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான். தங்களை இந்த நாட்டைவிட்டுத் துரத்த வேண்டாம் என்று அந்த ஆவிகள் மன்றாடுவதை இதோடு சேர்த்துப் படித்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஆக்கிரமித்த படை கடலில் மூழ்க வேண்டும் என்ற மக்களின் ஏக்கம் இந்தக் கதைக்குள் இருக்கிறது என்றே நம்புகிறேன். அதை என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 2,000 பன்றிகள் உண்மையாகவே மூழ்கின என்று இனி என்னால் சொல்ல முடியாது.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் மூன்று இடங்களின் படங்களையும் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளை எடுத்து, மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் ஒரு விரலும் மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஒரு விரலுமாக வைத்து மாறிமாறி வாசித்தார். "இங்கே இரண்டு பேர், அங்கே ஒருவன்," என்றார். "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இதைச் சேர்த்து வாசிக்கவே இல்லையே." பிறகு பென்சில் கேட்டார்.