ஒரே கம்பெனியில் 17 வருடம், இனி வெளியே வேலை கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி தூக்கம் வராமல் வருகிறவர்கள். ஆனால் நினைத்ததைவிட நாளாகும். பழைய பதவியும் பழைய சம்பளமும் அப்படியே கிடைப்பது கஷ்டம். அப்புறம், யாருக்குச் சீக்கிரம் கிடைக்கும், யாருக்கு இழுக்கும் என்று நாம் மனசில் போட்டு வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் தப்பாகப் போகிறது.

நான் சென்னையில் ஒரு பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனியில் கேம்பஸ் இன்டர்வியூ வழியாகச் சேர்ந்தவன். 17 வருடம் அங்கேயே. அதில் பெரும்பகுதி ஒரே அக்கவுண்ட், ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம். அந்தக் கிளையண்டை இன்னொரு நிறுவனம் வாங்கியது, வாங்கியவர்களுக்கு ஏற்கனவே வேறு வெண்டார் இருந்தார்கள், சில மாதங்களில் ஓஎம்ஆரில் ஒரு மாடி முழுக்க இருந்த எங்கள் டீம் கலைந்துபோனது. இளையவர்களை வேறு ப்ராஜெக்டுகள் எடுத்துக்கொண்டன. 12, 15, 20 வருடம் ஆனவர்கள் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல், நின்றோம். ஆட்களை ப்ராஜெக்டுகளுக்கு ஒதுக்கும் ஆர்எம்ஜி பிரிவில் கேட்டால் "உங்க பேண்டுக்கு ரெக்வயர்மென்ட் இல்ல", அதாவது உங்கள் பதவி நிலைக்கு ஆள் தேவையில்லை, என்பார்கள். பிறகு எச்ஆர் அழைப்பு. நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் பிரச்சினையில்லாமல் வரும், இல்லையென்றால் எங்கள் கையில் இல்லை என்ற பேச்சு. ஒரே அறை, ஒரே வாசகங்கள், உள்ளே போகும் ஆள்தான் வேறு.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாகச் சொன்னபோது எங்கள் பழைய டீமின் வாட்ஸ்அப் குழு மறுபடி விழித்துக்கொண்டது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் வருடத்துக்கு 225 நாள் பில்லிங், அதாவது கிளையண்டிடம் பணம் வாங்கும் வேலை, இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்திருந்தது. ஏஐ காரணம் இல்லை, திறமைப் பொருத்தம் இல்லாததும், சிலரை வேறு இடத்தில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்று அதன் தலைமை நிர்வாகி கிருத்திவாசன் விளக்கினார். எந்தக் கம்பெனி சொன்னாலும் எனக்குக் கோபம் வருவது இந்தத் திறமைப் பொருத்தம் என்ற காரணத்தைக் கேட்டுத்தான். எங்கள் அக்கவுண்ட்டில் ஒருவர் வேறு டெக்னாலஜிக்கு மாறுகிறேன், ரிலீஸ் கொடுங்கள் என்று ஒவ்வொரு அப்ரைசலிலும் கேட்டார். கிளையண்ட் உங்களை விடமாட்டேன் என்கிறார், இந்த வருடம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் பதில் வந்தது. அவர் அங்கே இருந்ததால் அந்த அக்கவுண்ட் வருடாவருடம் புதுப்பிக்கப்பட்டது, கம்பெனிக்குப் பணம் வந்தது. கடைசியில் அவரிடம்தான் உங்கள் ஸ்கில் பழசு என்று சொன்னார்கள். அந்த முடிவில் அவர் பங்கு எவ்வளவு, கம்பெனி பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

சரி, யாருக்கு வேலை கிடைத்தது?

எங்களில் முதலில் ஆஃபர் வாங்கியவர், மெயின்ஃப்ரேம் என்ற பழைய காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்த ஆள். கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழி, ஜேசிஎல் (JCL), நடுராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால் எழுந்து உட்கார்ந்து சரிசெய்கிற வேலை. இவருக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள் என்று எல்லோருமே கவலைப்பட்டோம். கோபால் 1959-இல் பிறந்த மொழி, உண்மைதான், ஆனால் பல வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இன்னும் அதன் மேல்தான் ஓடுகின்றன, புதிதாக அதைக் கற்றுக்கொள்கிறவர்கள் குறைவு. அதைவிட முக்கியம், பழைய சிஸ்டத்தை கிளவுடுக்கு மாற்ற நினைக்கிறவர்களுக்கு அந்தப் பழைய சிஸ்டம் என்ன செய்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அவர் ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில் சேர்ந்தார்.

ரொம்ப நாள் இழுத்தது எங்கள் டெலிவரி மேனேஜருக்கு. நூற்றுக்கும் மேல் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர், கிளையண்டுக்குப் பிடித்தவர், நாங்கள் எல்லோரும் சார் என்று கூப்பிட்ட மனிதர். அவருக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். ஆனால் அவர் செய்த வேலை முழுக்க அந்தக் கம்பெனியின் ஒழுங்குக்குள் இருந்தது: யாரிடம் அப்ரூவல் வாங்குவது, எந்த ஷீட்டில் மார்ஜின் காட்டுவது, எஸ்கலேஷன் வந்தால் யாரைப் பிடிப்பது. வெளியே போனதும் அந்த அறிவுக்கு விலை இல்லாமல் போகிறது. போதாததற்கு அந்தப் பதவிக்கு ஒரு கம்பெனியில் இருப்பதே சில இடங்கள், அதையும் உள்ளிருந்தே நிரப்பிவிடுவார்கள்.

இப்போது நானும் ஒரு ஜிசிசியில், அதாவது வெளிநாட்டு நிறுவனம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள இங்கே வைத்திருக்கும் மையத்தில், இருக்கிறேன். ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் 2024 அறிக்கைப்படி நாட்டில் இப்படி 1,700-க்கும் மேல் இருக்கின்றன. துறை அறிவுக்கு இங்கே மதிப்பு அதிகம். பிரீமியம் எப்படிக் கணக்காகிறது, க்ளெய்ம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், எந்த டேட்டா டேபிளைத் தொடக் கூடாது என்பதெல்லாம் ஒரு கோடிங் டெஸ்டில் வராது. இன்டர்வியூ பேனலில் நானும் உட்காருகிறேன். நீண்ட நாள் ஒரே இடத்தில் இருந்தவர்கள் வந்தால் அவர்கள் தடுமாறும் இடம் எனக்கு உடனே தெரிகிறது. ப்ராஜெக்ட் எவ்வளவு பெரியது, கிளையண்ட் யார், டீமில் எத்தனை பேர் என்று பத்து நிமிடம் சொல்வார்கள். கம்பெனியின் சொந்த டூல்களின் பெயர்கள் வரிசையாக வரும், வெளியில் ஒருவருக்கும் அவை தெரியாது. நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், உங்கள் கையால் சரிசெய்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மௌனம். விஷயம் இல்லாமல் இல்லை. இத்தனை வருடம் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கொஞ்சம் விட்டுப் பிடித்தால் ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார், அதற்கப்புறம் நாங்கள் குறுக்கே பேச மாட்டோம், அவ்வளவு ஆழமாக இருக்கும்.

அதனால் ரெஸ்யூமே எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து, நீங்கள் இருந்ததால் மட்டும் சரிசெய்யப்பட்ட விஷயங்களை எழுதிப் பாருங்கள். தேதி, என்ன உடைந்தது, என்ன செய்தீர்கள், அதன் பிறகு என்ன மாறியது. கிளையண்ட் டாக்குமென்ட் எதையும் வெளியே கொண்டுவர வேண்டாம், நினைவே போதும்.

நௌக்ரி போன்ற வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமேவைப் போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். எங்கள் குழுவில் கிடைத்த வேலைகளில் அநேகமாக எல்லாமே நமக்கு முன்னால் வெளியே போனவர்கள் மூலம் வந்தவைதான். எட்டு வருடம் முன்பு கேக் வெட்டி அனுப்பிவைத்த ஜூனியர் பெண் இன்று வேறு இடத்தில் டீம் எடுக்கிறார். அவரிடம் போய்க் கேட்பதற்குத்தான் பலருக்கும் கூச்சம். கேளுங்கள். "சார், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இன்னொன்று, 90 நாள் நோட்டீஸ் பீரியடில் ஆஃபரை வைத்துக்கொண்டு வேறு ஆஃபர் தேடுகிறவர்களால் நொந்துபோன கம்பெனிகளுக்கு, நாளைக்கே சேருகிற ஆள் பெரிய வரம். வேலை போனதை மறைத்து இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள், வெரிஃபிகேஷனில் மாட்டுவதோடு இந்தச் சாதகத்தையும் இழக்கிறார்கள். சம்பளத்தில் மட்டும் அழுத்துவார்கள். உங்கள் பழைய சிடிசியை, அதாவது மொத்த வருடச் சம்பளத்தை, பார்த்து, வேலை இல்லை என்பதையும் பார்த்து, ஒரு எண் சொல்வார்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் போட்டுப் பார்த்து எதற்குக் கீழே இறங்க முடியாது என்று வீட்டில் பேசி முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், அந்த ஃபோன் வரும்போது யோசிக்க முடியாது.

எச்ஆர் அறையில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவரை ஆட்குறைப்பு செய்தால் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அதைக் கேட்க முடியாது. மேனேஜர் பொறுப்பில் இருந்தவர்கள் அந்த வரையறைக்குள் வருவார்களா என்பது பதவிப் பெயரை மட்டும் வைத்து முடிவாவதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள், அதனால் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஐடிக்காரர்களுக்குச் சட்டமெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கர்ப்பிணி ஐடி ஊழியரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவுக்கு 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ராஜினாமா என்றாலும் ஆட்குறைப்பு என்றாலும் உங்களுடையது, ஐந்து வருடம் முடிந்திருந்தால் போதும். அப்பா அம்மாவுக்கு இருக்கும் கம்பெனி இன்சூரன்ஸைத் தனி பாலிசியாக மாற்ற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எழுபது வயதில் அவர்களுக்குப் புதிதாகப் பாலிசி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

எங்கள் டெலிவரி மேனேஜர் இப்போது ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறார், பழைய சம்பளத்தைவிடக் குறைவு, டீமே பத்துப் பேருக்குள். குழுவில் இன்னும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். ரெஸ்யூமேவில் ஒரே கம்பெனி பெயரைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு ரவுண்டு கொடுங்கள், முதல் கேள்வியை அவர் பார்த்துக்கொண்ட சிஸ்டத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய புது டூலை அவரால் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ள முடியும்.