560 ஜிபி காணாமல் போன கதை

போன மாதம் 20-ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் ஆபீஸ் நெட் படுத்துக்கொண்டது. 20-ஆம் தேதி என்றால் என்னவென்று ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3பி என்கிற மாத ரிட்டனைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கரூர் ஜவுளிக்காரர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் காலையில்தான் பில்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் பில்லைக் கட்டிலில் விரித்து, ஃபேனையும் ஓடவிட்டு, பறக்கிற பில்லைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அது தனிக்கதை.

நெட் கம்பெனிக்கு போன் போட்டால், "சார், உங்க 800 ஜிபி முடிஞ்சிருச்சு. இனி 1-ஆம் தேதி வரைக்கும் 2 எம்பிபிஎஸ் ஸ்பீடுதான் வரும்" என்று ஒரு பெண் கல்யாணச் செய்தி மாதிரி சொல்கிறாள். அதை வைப்பதற்குள் அப்பா கூப்பிட்டார்.

"ஏண்டா, எல்லாரும் செல வெச்ச மாதிரி அப்படியே உக்காந்திருக்கீங்க?"

38 வருஷம் இதே தொழிலில் கிடந்த மனுஷன். 20-ஆம் தேதி ஆபீஸ் எப்படி இருக்கும் என்று வீட்டிலிருந்தபடியே ஊகித்துவிட்டார் என்று நினைத்தேன். "நெட் இல்லீங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று பேர் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, இரவு பதினொன்றரைக்குக் கடைசி ரிட்டனை அனுப்பினோம்.

மறுநாள் விசாரணை. ஆறு கம்ப்யூட்டர், ஏழு பேர். 800 ஜிபியைத் தின்றது யார்?

என் சந்தேகம் முழுக்கக் கடைசி சீட்டுத் தம்பி மேல்தான். அவன் காதில் இயர்போன் இல்லாமல் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவன் அக்கா கல்யாணத்தில். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போனால் டேட்டா யூசேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் எந்தச் செயலி எவ்வளவு இழுத்தது என்று காட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சீட்டு சீட்டாகப் போனேன். தம்பி 31 ஜிபி. பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறான், பாவம். 74 ஜிபியோடு முதலிடத்தில் இருந்தது எங்கள் சீனியர் அக்கா. சீரியல். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு அவர் கோபித்துக்கொண்டால், டிபார்ட்மென்ட் நோட்டீஸுக்கெல்லாம் நான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.

இன்னொரு கம்ப்யூட்டரோ, விண்டோஸ் அப்டேட்டை இறக்கியதோடு நில்லாமல் இன்டர்நெட்டில் முகம் தெரியாத கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அன்னதானம் போட்டுக்கொண்டிருந்தது. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று அதற்குப் பெயர். யார் அந்தச் சுவிட்சைப் போட்டதென்று தெரியவில்லை. அணைத்தேன். அதனால் போனதும் இரண்டு மூன்று ஜிபிதான்.

ஆறு கம்ப்யூட்டரும் சேர்த்து 240 ஜிபி. நெட் கம்பெனி சொல்வது 800. 560 இடிக்கிறது. கணக்குப் பார்ப்பவன் வீட்டிலேயே கணக்கு இடித்தால் எப்படித் தூக்கம் வரும்?

அப்புறம்தான் உறைத்தது. ஒரு கம்ப்யூட்டர், தான் தின்றதை மட்டும்தான் சொல்லும். பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. பந்தியில் மொத்தம் எத்தனை இலை என்று தெரிய வேண்டுமென்றால் எங்கள் பெரிய மாமா மாதிரி வாசலில் நின்று எண்ண வேண்டும். இங்கே வாசல் என்பது ரவுட்டர்.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் 23 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். யார், என்ன, எவ்வளவு தின்றார்கள் என்று ஒன்றும் கிடையாது. இலை போட்டதோடு சரி. செல்போன்கள் இப்போதெல்லாம் மேக் முகவரி என்கிற தங்கள் உண்மையான அடையாள எண்ணைச் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு முகவரி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பன்னிரண்டு எழுத்தில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அது புனைபெயர். 23-ல் 11 புனைபெயர். இத்தனை புனைபெயரை நான் பழைய தீபாவளி மலரில்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, பாஸ்வேர்டை மாற்றினேன். உடனே பிரிண்டர் நின்றது. கைரேகை வைக்கிற மெஷின் நின்றது. பத்தே நிமிஷத்தில் கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏனுங்க, உங்க நெட்டு வேலை செய்யலீங்ளா? எனக்கும் வரமாட்டேங்குதுங்க."

நாலு வருஷமாம். குரலில் ஒரு கூச்சம் வேண்டுமே! கரண்ட் ஆபீஸில் புகார் கொடுக்க வந்தவர் மாதிரி நின்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

திருடன் பிடிபட்டான் என்று நினைத்து 1-ஆம் தேதிக்காகக் காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் அப்பா வீட்டில் சிடுசிடுவென்று இருப்பதாக அம்மா சொன்னார். வெயில் என்றேன். 2-ஆம் தேதி காலையில் பார்த்தால், முதல் நாளே 37 ஜிபி போயிருக்கிறது. ஜெராக்ஸ்காரர் நிரபராதி.

கடைசியில் நெட்வொர்க் வேலை தெரிந்த பையனைக் கூப்பிட்டேன். சோப்பு டப்பா அளவில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். அதில் டார்ச் என்றே ஒரு கருவி. இந்த நொடியில் எந்த ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கிற எண், எவ்வளவு இழுக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிறது. அக்காவின் எண் ஏறுகிறது, இறங்குகிறது. தம்பியுடையது துள்ளித் துள்ளி அடங்குகிறது. 64 என்று முடிகிற ஒரு ஐபி மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 4 எம்பிபிஎஸ். இறக்கவில்லை, ஆபீஸிலிருந்து வெளியே ஏற்றுகிறது. நிதானமாக, உப்புமா கிண்டுகிற மாதிரி.

"சார், ஆபீஸ்ல இருந்து யாரோ டேட்டாவை வெளிய அனுப்பறாங்க" என்றான் பையன். வாடிக்கையாளர்களின் கணக்கு, பான் நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கண் முன்னால் ஓடியது. அக்கா திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்.

64 எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்விட்சில் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது என்று முடிவானது. முதல் வயர், அக்கா கம்ப்யூட்டர். இரண்டாவது, தம்பியுடையது. மூன்றாவது பரணுக்குப் போகிற சாம்பல் நிற வயர். பிடுங்கியதும் டார்ச்சில் 64 காணாமல் போனது. பையன் கட்டைவிரலைத் தூக்கினான். அதே சமயம் என் செல்போன் அடித்தது.

"ஏண்டா, ஆபீஸ்ல கரண்டு போயிருச்சா?"

வயரைத் திரும்பச் சொருகினேன்.

"ஆ, வந்திருச்சு, வந்திருச்சு."

பரணில் இருப்பது கேமரா படங்களைப் பதிந்து வைக்கிற டிவிஆர் பெட்டி. கொரோனாவுக்கு முந்தின வருஷம் வைத்தது, நாங்கள் மறந்தே போனது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடியேற முடியாமல் அப்பா ஆபீஸ் வருவது நின்றதே, அப்போது முருகன் பாட்டுக் கேட்க வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் என் பையன் அந்தக் கேமரா ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதுவும் ஹெச்டியில். காலை ஏழு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது வரைக்கும் இரண்டாம் நம்பர் கேமராவாம். நாங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொன்னார்.

4 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. பதினாலு மணி நேரத்துக்கு 25. இருபது நாளைக்கு 500. மிச்ச 60 செல்போன்களும் ஜெராக்ஸ்காரரும். கணக்கு டேலி.

அப்பாவிடம் சொல்லவில்லை. டிவிஆரில் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு உண்டு. சப் ஸ்ட்ரீமில் படம் கொஞ்சம் மங்கல், டேட்டாவும் ரொம்பக் கம்மி. சத்தமில்லாமல் வீட்டு டேப்லெட்டில் அதை மாற்றிவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "தம்பி, நாளைக்குக் கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போலாமா? புரை திரும்ப வந்திருச்சாட்ட இருக்குது. ஆபீஸ் காலண்டர்ல தேதியே தெரியமாட்டேங்குது."

தினமும் காலையில் போன் செய்து, "தேதி கிழிச்சாச்சா?" என்று கேட்பாரே, நானும் அதை வயசான பேச்சு என்று நினைத்து "ஆச்சுங்கப்பா" என்று இத்தனை நாளாகப் புளுகிக்கொண்டிருந்தேன்.

அவர் தூங்கிய பிறகு மெயின் ஸ்ட்ரீமுக்கே மாற்றினேன். மறுநாள் நெட் கம்பெனிக்கு போன் போட்டு அடுத்த பிளானுக்குப் போனேன். எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று அக்கா கேட்டார். ஸ்டாஃப் வெல்ஃபேர் என்றேன்.

இன்றைக்கு வேண்டுமென்றே தேதி கிழிக்காமல் விட்டேன். ஒன்பது பத்துக்கு போன் வந்தது.