பதிமூணும் ஜெயிச்ச பிறகு

மேசையில் ஒரு பெரிய சட்டி நிறைய அவித்த கடலை இருந்தது. ஒருத்தரும் தொடவில்லை.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மதியம். டல்லஹாசியில் எங்கள் பக்கத்து வீட்டு ஹால். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்குப் போகும் நான்கு அணிகளை டிவியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் அணியின் பெயர் வரவில்லை. நாலாவது பெயராக அலபாமா வந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் குறைத்தார். அணைக்கவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ காய்ந்திருக்கும், துடைப்பது மட்டும் நிற்கவில்லை. எழவு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து போய் அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து அப்போது ஐந்து மாதம். இவருக்கு இங்கே தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் வேலை. புளோரிடா என்றதும் கடற்கரையை நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் கடல் எங்கோ இருக்கிறது. ஊர் முழுக்கப் பெரிய பெரிய ஓக் மரங்கள், கிளையெல்லாம் சடை சடையாகத் தொங்கும் சாம்பல் நிறப் பாசி. வெயில் மட்டும் நம்ம ஊர் வெயில். வாசலில் கோலம் போட்ட முதல் நாள் அந்தப் பெரியவர்தான் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். மறுநாள் அவர் மனைவி ஒரு டப்பா கொண்டுவந்து தந்தார். திறந்தால் உப்புத் தண்ணீரில் தோலோடு அவித்த நிலக்கடலை.

நான் கோவில்பட்டிக்காரி. இதற்கு மேல் என்ன சொல்ல? ஈரத்தோலை விரலால் நசுக்கியதும் உப்புநீர் உள்ளங்கையில் வழிந்தது. மழை விழுந்த கரிசல் வாசம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, வந்தது. எங்கள் ஆச்சி களத்தில் பச்சைக்கடலை ஆய்ந்து, அங்கேயே மூன்று கல் கூட்டி அவித்துத் தருவாள். வடக்கு புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் ரோட்டோரம் சட்டி வைத்து இதையே விற்கிறார்கள். அன்று அந்த டப்பாவை நான் ஒருத்தியே காலி செய்தேன்.

கடலைக்குப் பின்னால் கால்பந்து வந்தது. பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி செமினோல்ஸ். இந்த ஊரில் அதைக் கல்லூரி அணி என்று சொன்னால் போதாது. நம்ம ஊரில் தேர் எப்படியோ அப்படி. அப்போது எண்பதாயிரம் பேர் வரை கொண்ட டோக் கேம்பல் மைதானத்துக்குப் பெரியவர் பல வருஷமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர். செப்டம்பர் 9 ராத்திரி ஆட்டத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார்.

ஆட்டம் தொடங்கும் முன் புள்ளிபோட்ட குதிரை ஒன்று மைதானத்துக்குள் பாய்ந்து வந்தது. ரெனகேட் என்று பெயர். மேலே செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவின் வேடத்தில் ஒரு மாணவர், கையில் எரியும் ஈட்டி. நட்ட நடுவில் நிறுத்தி, ஈட்டியைத் தரையில் குத்தினார். எண்பதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்குப் பரிவேட்டை ஞாபகம் வந்துவிட்டது. விஜயதசமி சாயங்காலம் சாமி குதிரை வாகனத்தில் வந்து அம்பு போடும்போது கூட்டம் எழுப்புகிற அதே சத்தம். 1978 முதல் இப்படி நடக்கிறதாம். புளோரிடாவின் செமினோல் பழங்குடி மக்கள் சம்மதம் கொடுத்துத்தான் நடக்கிறது என்றும், அந்த உடையைத் தைப்பதே அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் என்றும் பெரியவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அன்று 66-13 ஜெயித்தோம். அதே ராத்திரி அலபாமா தன் சொந்த மைதானத்தில் டெக்சாஸிடம் 34-24 என்று தோற்றது. பெரியவர் போனில் ஸ்கோரைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மூன்று மாதம் கழித்து அந்த ஸ்கோரை நினைத்து வயிறு எரியும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு வழக்கம் உண்டு. தோற்றுத்தான் வருவார்கள் என்று எல்லாரும் சொன்ன வெளியூர் ஆட்டத்தில் ஜெயித்தால், எதிராளி மைதானத்திலிருந்து ஒரு பத்தை புல்லை மண்ணோடு பெயர்த்து எடுத்துவருவார்கள். ஊருக்குக் கொண்டுவந்து புதைத்து, மேலே வெண்கலத் தகடு பதிப்பார்கள். 1962-ல் ஜார்ஜியாவை அவர்கள் மண்ணிலேயே வென்றபோது ஆரம்பித்ததாம். இவர் அதை விநோதமாகப் பார்த்தார். எனக்கு விநோதமாகவே தெரியவில்லை. பிடிமண் எடுத்து வந்து சாமி கும்பிடுகிற ஊர்க்காரி நான். மண்ணை விமானத்தில் கொண்டுவர முடியாது என்று அம்மா குலசாமி கோயில் திருநீற்றைத்தான் மடித்துத் தந்தாள். இப்போதும் அரிசி டப்பா பக்கத்தில் இருக்கிறது.

அந்த சீசனை நான் ஒன்றுவிடாமல் சொல்லுவேன். முதல் ஆட்டம் ஆர்லாண்டோவில், அப்போது நாட்டின் ரேங்க் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த எல்எஸ்யுவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 45-24. கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே, ஓவர்டைமில், 31-24. பாஸ்டன் காலேஜிடம் 31-29 என்று தப்பித்தது. மயாமியை 27-20. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயித்தோம். நடுவில் எப்போது "அவங்க" போய் "நாம" வந்தது என்று கவனிக்கவில்லை.

நவம்பர் 18 மட்டும் அடிவயிற்றில் நிற்கிறது. உள்ளூரில் அந்த சீசனின் கடைசி ஆட்டம். எதிரில் வடக்கு அலபாமா என்ற சின்ன அணி. முதல் கால்பகுதியிலேயே நம்ம குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஜோர்டன் டிராவிஸ் கீழே விழுந்தார், கால் போய்விட்டது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் கொடி படபடக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் ஸ்கோர் 0-13. அதன் பிறகு அந்தப் பையன்கள் தொடர்ந்து 58 புள்ளி எடுத்தார்கள். 58-13.

அடுத்த வாரம் கெயின்ஸ்வில்லில், பரம எதிரி புளோரிடாவோடு, இரண்டாவது குவாட்டர்பேக்கை வைத்து 24-15. அவருக்கும் தலையில் அடி. அதற்கடுத்து சார்லட்டில், நம்ம அணி ஆடும் ஏசிசி கூட்டமைப்பின் இறுதி ஆட்டம், டிசம்பர் 2. மூன்றாவது குவாட்டர்பேக், முதலாம் ஆண்டுப் பையன், பிராக் கிளென். அவன் தடுமாறினான். தடுப்பாட்டக்காரர்கள் சுவராக நின்றார்கள். லூயிவில் அணிக்கு ஒரு டச் டவுன்கூட விடவில்லை. 16-6. பதிமூன்று ஆட்டம், பதிமூன்று வெற்றி.

பெரியவர் அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பெண் கொடுத்து சம்பந்தம் முடித்தவர் மாதிரி. மறுநாள் மதியம்தான் அந்த அறிவிப்பு.

நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது பிளேஆஃப் என்கிற அந்தக் கடைசிச் சுற்றுக்கு நான்கே இடம். அதைக் கொடுப்பது புள்ளிப்பட்டியல் அல்ல. பதிமூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு டெக்சாஸில் ஒரு ஓட்டலில் கூடி முடிவு செய்யும். யாரை ஜெயித்தாய், எதிராளி எவ்வளவு பலசாலி, முக்கியமான ஆட்டக்காரர் யாராவது இல்லாமல் போனாரா என்பதையெல்லாம் எடைபோடுவார்கள். அன்று மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா உள்ளே, நாம் ஐந்தாவது. பெரிய ஐந்து கூட்டமைப்புகளில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் கோப்பை வென்ற அணி வெளியே நிறுத்தப்பட்டது அந்த முறையில் அதுவே முதல் தடவை. காரணம் கேட்டபோது குழுத்தலைவர், டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்ற அர்த்தத்தில் பேசினார்.

அலபாமா ஆடுவது எஸ்இசி கூட்டமைப்பில். முந்தின நாள்தான் அவர்கள் ஜார்ஜியாவை 27-24 ஜெயித்திருந்தார்கள். அது பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஒரு தோல்வியோடு வரும் எஸ்இசி அணி, தோல்வியே இல்லாத ஏசிசி அணியை விட உசத்தி என்று டிவியில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ. தமிழ் மீடியத்தில் படித்து, 200-க்கு 195 கட்-ஆஃப் எடுத்து, கல்லூரி ஹாஸ்டலில் பெட்டியை வைத்த முதல் வாரம், "உங்க போர்டுல மார்க்கைத் தூக்கிப் போடுவாங்கல்ல" என்று ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்ததெல்லாம் அந்த ஒரு வரியில் செல்லாக்காசு ஆனது. ஆனாலும், போர்டு எதுவானாலும், கவுன்சலிங்கில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். உன் காலில் கட்டுப் போட்டிருக்கிறது, நீ பழைய ஆள் இல்லை, சீட் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை.

டிராவிஸ் அன்று எழுதியதைப் பெரியவர்தான் வாசித்துக் காட்டினார். என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி என் ஒருத்தனால் மட்டும் நிற்பதில்லை என்று எல்லாரும் பார்த்திருப்பார்களே என்று எழுதிவிட்டு, மன்னிப்பும் கேட்டிருந்தார். காயம்பட்டவன் மன்னிப்புக் கேட்கிறான். பெரியவருக்கு அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி பதினொன்று தாண்டியிருந்தது.

"தோக்கவே இல்லங்குற, பெறகு எப்படித் தாயி வெளிய நிப்பாட்டுவான்?"

"கமிட்டி முடிவுப்பா."

"கமிட்டி ஆடுச்சா?"

கோவில்பட்டி ஹாக்கி ஊர். மாரீஸ்வரன் மாதிரிப் பையன்கள் இந்திய அணி வரைக்கும் போன ஊர். கல்லூரி லீவுக்கு வரும்போதெல்லாம், மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை நடந்தால், அப்பா என்னைக் கூட்டிப்போவார். தோற்ற அணி எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும், "ஸ்கோரைப் பாத்துட்டு வீட்டுக்குப் போறதுதான் ஆட்டம் தாயி" என்பார். போகிற வழியில் பஜாரில் கடலைமிட்டாய் வாங்குவோம். அவருக்கு நான் தேர்வுக்குழுவை எப்படிப் புரியவைப்பது? கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தப் பெரியவரு சாப்பிட்டாரா, பாரு" என்றார். ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விவரிக்க மனசு வரவில்லை. சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இல்லாமல் இறங்கி, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றோம். அடுத்த வருஷமே பிளேஆஃப் பன்னிரண்டு இடமாக விரிந்தது. ஒரு வருஷம் முன்னால் விரிந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை. அந்த 2024-ல் நம்ம அணி டப்ளினில் 24-21 தோற்று ஆரம்பித்து, இரண்டே ஆட்டம் ஜெயித்து, பத்துத் தோற்றது. பெரியவர் பத்துத் தோல்விக்கும் அணியின் நிறமான அதே கார்நெட், கருஞ்சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது இந்த ஊரில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது. எந்தக் கடையில் முருங்கைக்கீரை உறைய வைத்துக் கிடைக்கும், எந்த ரோட்டில் சனிக்கிழமை போகக்கூடாது, எல்லாம் தெரியும். பச்சைக்கடலை வாங்கி நானே அவிக்கிறேன். ஆனால் சட்டியை இறக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கிறது. ஆச்சிக்கு. அவள் போய் ஒன்பது வருஷம்.

2025 ஆகஸ்ட் 30. சீசனின் முதல் ஆட்டம். டல்லஹாசிக்கு அலபாமா வந்தது. பெரியவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் மைதானத்துக்குப் போக முடியவில்லை. அதே ஹால், அதே சட்டி. இந்தத் தடவை கடலை என்னுடையது. ரேங்க் பட்டியலில் நம்ம பேரே கிடையாது, அவர்கள் எட்டாவது. முதலில் புள்ளி எடுத்ததும் அலபாமாதான். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார், அவர் உட்கார்ந்தால் தோற்போம் என்று. நம்ம வீட்டில் கிரிக்கெட் பார்க்கிற சித்தி இப்படித்தான் அடுப்படியில் நிற்பாள். கடைசி வரைக்கும் அந்த அம்மா உள்ளேயே நின்றார், நாங்கள்தான் ஸ்கோரைக் கத்திக் கத்திச் சொன்னோம்.

31-17. ஜன்னலைத் திறந்தால் மைதானத்துச் சத்தம் காற்றில் வந்தது. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

அங்கே விடியாத நேரம் என்று தெரிந்தும் கொல்லைப்பக்கம் போய் அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் ரயில் போகிற சத்தம்.

"யாரு தாயி?"

"நாமதாம்ப்பா."

"அப்படிப் போடு. எத்தன?"

சொன்னேன். எதிராளி யாரென்றும் சொன்னேன். ரயில் சத்தம் தேயும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெரியவருகிட்ட போனக் குடு" என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, பெரியவருக்குத் தமிழ் வராது. கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்புத்தண்ணீர் சொட்டுகிற கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.