படியைப் பார்த்து ஏமாந்த மாதம்

14 ஜூலை 2024, ஞாயிறு

காலையில் எங்கள் ஊர் பூலாம்பட்டியின் காவிரிப் படித்துறை. தண்ணீர் வழக்கம்போல ஏழாவது படியில் நிற்கிறது. மேட்டூரிலிருந்து குடிநீருக்கு மட்டும் 1,000 கனஅடி விடுகிறார்கள், ஆனால் கீழே நெருஞ்சிப்பேட்டை கதவணை தேக்கி வைத்திருப்பதால் இங்கே எப்போதும் கரை தொட்டு ஆறு நிறைந்த மாதிரிதான் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "அடேயப்பா, காவிரியில் இவ்வளவு தண்ணியா" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இடுப்பளவு இறங்கிக் குனிந்து பார்த்தேன், கால் விரல் தெரியவில்லை. பச்சை. ஓட்டமில்லாமல் வெயிலில் கிடந்த தண்ணீரில் பாசி கட்டி லேசாக வாடை வேறு. தலை முழுகாமல் தோள்வரை நனைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். இப்படி இருக்கும்போது நீந்தாமல் இருப்பதே நல்லது.

நேற்று பண்ணவாடிப் பக்கம் போயிருந்தேன். அணையில் நாற்பது அடி சொச்சம்தான். அணை நீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி முழுசாக வெளியே நிற்கிறது, பக்கத்தில் ஆடு மேய்கிறது. அணை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு டிவி தேவையில்லை, நந்தி போதும்.

21 ஜூலை, ஞாயிறு

குடகிலும் வயநாட்டிலும் விடாத மழை. ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தியாகிவிட்டது. அக்கா மகன் போனைக் காட்டி, "மாமா, பிலிகுண்டுலுல பல்லாயிரம் கனஅடின்னு போடறாங்க, நம்ம ஊர்ல ஏன் அப்படியே இருக்கு?" என்றான். பிலிகுண்டுலு என்பது தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கிற இடம். நியாயமான கேள்விதான். நடுவில் மேட்டூர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது, வருவதையெல்லாம் அதுதான் குடிக்கிறது. செய்தியில் 'நீர்வரத்து' என்று சொல்வது அணைக்குள் வருவது, 'வெளியேற்றம்' என்பதுதான் நமக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒகேனக்கல் கணக்கைக் கேட்டுப் பயப்படுகிறவர்களும் உண்டு, மேட்டூர் கணக்கைக் கேட்காமல் இறங்குகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து.

29 ஜூலை, திங்கள்

என் முட்டாள்தனத்தை எழுதி வைக்கிறேன்.

நேற்று மதியம் மேட்டூரில் பாசனத்துக்குத் திறந்தார்கள். எனக்கும் தெரியும். இன்று விடிகாலை வேலைக்குப் போகுமுன் படித்துறையைப் பார்த்தேன், அதே ஏழாவது படி. சரி, இன்னும் வரவில்லை என்று முடிவு செய்துகொண்டு வண்டியில் கதவணைக்குக் கீழே போய்ப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டேன். செருப்பைப் பாறையடியில் மணலில் கழற்றி வைத்தேன். காதில் பாட்டு. தக்கை இரண்டு தடவை அமுங்கியது, ஒரு ஜிலேபிக் கெண்டை சிக்கியது, அப்புறம் ஒன்றுமில்லை. மீன் சட்டென்று கடிப்பதை நிறுத்தியபோதே யோசித்திருக்க வேண்டும். கரையிலிருந்து வலைக்கார அண்ணன் ஒருவர் கையை ஆட்டிக் கத்துகிறார், காதில் இருந்ததைப் பிடுங்கினேன்.

"தம்பி, உன் செருப்பைப் பாரு!"

ஒரு செருப்பு பத்தடி தள்ளிச் சுற்றிக்கொண்டு போகிறது. இன்னொன்றைக் காணோம். நான் நடந்து வந்த மணல் திட்டு இல்லை, அந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் முழங்கால் உயரம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவர் மூங்கிலை நீட்ட, பிடித்துக்கொண்டு வந்தேன். முழங்கால் தண்ணீர்தானே என்று சொல்லலாம், ஆனால் காலைத் தூக்கிய நொடியில் அடுத்த கால் நிற்கவில்லை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை முழங்கால் இன்றைக்குத்தான் புரிந்துகொண்டது.

சங்கு ஊதினார்களாம். நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏமாந்தது படியில். கதவணைக்கு மேலே மட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் அவர்கள் வேலை, அப்போதுதான் மின்சாரம் எடுக்க முடியும். தண்ணீர் கூடுதலாக வந்தால் மதகை உயர்த்திக் கீழே விட்டுவிடுவார்கள். மேலே படி மாறாது, கீழே மணல் திட்டு காணாமல் போகும். இத்தனை வருடமாக ஏழாவது படியை அளவுகோல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

31 ஜூலை, புதன்

நேற்று மாலை அணை 120 அடி. ஒரே மாதத்தில் நந்தி மூழ்கி, அணை நிரம்பி, இப்போது உபரிநீரை வெளியேற்றுகிற பதினாறு கண் மதகு வழியாகவும் விடுகிறார்கள். எதிர்க்கரைக்குப் போகிற விசைப்படகு நின்றுவிட்டது. நெருஞ்சிப்பேட்டை கண்ணுக்கெதிரே தெரிகிறது, போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

வயநாட்டு நிலச்சரிவுச் செய்தியைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சரிவு விழுந்த பக்கம் மேற்கே சாலியாற்றுக்கு வடிகிறது, அதே மலைநாட்டில் கிழக்கே பெய்கிற மழை கபினிக்கு வந்து காவிரியில் சேர்கிறது. எங்கள் படித்துறையில் சிவப்பாக ஓடுவதில் அந்த மழையும் இருக்கிறது.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. ஆற்றில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல். ஒரு கனஅடி என்றால் நொடிக்கு 28 லிட்டர் சொச்சம், அப்படியானால் ஒரு லட்சம் கனஅடி நொடிக்கு 12,000 லிட்டர் டேங்கர் லாரி 230க்கும் மேல். 1,000 கனஅடி விட்டபோது இதே இடத்தில் நொடிக்கு இரண்டு லாரிதான் போய்க்கொண்டிருந்தது.

படித்துறையில் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறார்கள். பெண்கள் குடத்தில் மொண்டு கொடுத்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கரையிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அக்கா மகனுக்கு ஒரே வருத்தம். "ஓரமா ஒரு முழுக்கு மாமா, எனக்கு நல்லா நீந்தத் தெரியும்."

வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு தேங்காய் மட்டையை ஓரத்திலேயே போட்டு, அது போகப்போக அவனைக் கரையில் கூடவே நடக்கச் சொன்னேன். நடந்தான், அப்புறம் ஓடினான். ஐம்பது அடியை எட்டு எண்ணுவதற்குள் கடந்துவிட்டது, அதாவது நொடிக்கு ஆறடி. ஊரில் நன்றாக நீந்துகிற பையன் நொடிக்கு மூன்றடி நான்கடி போனால் பெரிய விஷயம், எதிர்நீச்சல் போட்டாலும் பின்னால்தான் போவான். கிளைகளோடு ஒரு முழு வேலிக்காத்தான் மரம் நடு ஆற்றில் புரண்டுகொண்டு போனதைப் பார்த்ததும் பேச்சையே விட்டுவிட்டான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வடிந்துவிட்டது, படகும் ஓடுகிறது. படிகளில் வண்டல் ஒரு விரல் கனம், சோப்பு மாதிரி வழுக்குகிறது, இரண்டு பேர் என் கண் முன்னால் உட்கார்ந்தார்கள். மட்டையைப் போட்டுப் பார்த்தேன், சோம்பேறித்தனமாக மிதந்தது. இருந்தாலும் மூங்கிலை ஊன்றிக்கொண்டுதான் இறங்கினேன். போன மாதம் மார்பளவு நின்ற இடத்தில் மூங்கில் முழுசாகப் போய்விட்டது, தரை தட்டவில்லை. அதற்கு நாலடி தள்ளி முழங்கால் ஆழத்தில் புதிதாக ஒரு மேடு. வெள்ளம் அடிமண்ணை அள்ளி வேறெங்கோ போட்டிருக்கிறது. பழைய ஞாபகத்தில் தலைகுப்புறக் குதித்திருந்தால் கழுத்து போயிருக்கும்.

சாயங்காலம் அதே பாறை, அதே வலைக்கார அண்ணன். இன்னும் லேசாகக் கலங்கல், கெளுத்திக்கு இதுதான் பதம், மண்புழு போட்டதும் இழுத்தது. நாலு கெளுத்தி. முள் குத்தாமல் பிடித்துப் பையில் போடக் கற்றுக்கொடுத்தார். செருப்பை எங்கே வைத்திருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வண்டியில் மாட்டியிருந்தேன், பாறையடியில் ஒரு குச்சியை மட்டும் தண்ணீர் விளிம்பில் நட்டிருந்தேன். பாட்டு போடவில்லை.